நூறு சி.சி. வண்டியும் வீட்டுக் கணக்கும்



காலை எட்டரை மணிக்கு எந்த ஊர்க் கடைத்தெருவில் வேண்டுமானாலும் சற்று நின்று பாருங்கள். இருபுறமும் பால் கேன் தொங்கும் வண்டி, வாழைத்தார் கட்டிய வண்டி, காய்கறி மூட்டைக்கு நடுவே ஓட்டுபவரின் தலை மட்டும் தெரியும் வண்டி, பள்ளிக்கு நேரமாகிவிட்டதென்று விரையும் வண்டி என வரிசையாகப் போகும். அவற்றுள் பல, நூறு சி.சி. அல்லது அதை ஒட்டிய சிறிய மோட்டார் சைக்கிள்களே. நம் வயதுப் பையன்கள் மலைப்பாதையில் பறக்கும் பெரிய வண்டிகளைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். அரிசியும் பருப்பும் வீடு வந்து சேர்வதோ இந்தச் சிறிய வண்டியில்தான். ஆனாலும் அதைப் பற்றி எழுத யாருக்கும் தோன்றுவதில்லை. எங்கள் வீட்டில் அப்படி ஒரு வண்டி இருக்கிறது. அதன் பெட்ரோல் நோட்டை எழுதும் பொறுப்பும் எனக்குத்தான். ஆகவே எழுதத் துணிந்தேன்.

முதலில் இதன் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். 1956-ஆம் ஆண்டு முதல் சென்னையை அடுத்த திருவொற்றியூரில் புல்லட் தயாராகி வந்தது. அது கம்பீரமான வண்டிதான். ஆனால் சாதாரணச் சம்பளக்காரர் வாங்கி, பெட்ரோலும் ஊற்றிக் கட்டுப்படியாகும் வண்டியன்று. அவர்களுக்காக 1972-இல் லூனா மொபெட் வந்தது. 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. இரண்டு பேர் ஏறிச் செல்லக்கூடிய மொபெட் என்பதால் நம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் அதற்கு நல்ல வரவேற்பு. ஆனால் அவையெல்லாம் இரண்டு வீச்சு எஞ்சின்கள். பெட்ரோலுடன் ஆயிலையும் கலந்து ஊற்ற வேண்டும். பின்னால் நீலப் புகை வரும்.

1985-இல்தான் ஹீரோ ஹோண்டா நிறுவனத்தின் சி.டி. 100 விற்பனைக்கு வந்தது. நான்கு வீச்சு எஞ்சின், 97.2 சி.சி. அந்நாளில் ஓடிய வண்டிகளை ஓட்டியவர்களுக்கு இது ஒரு லிட்டரில் சென்ற தூரம் நம்ப முடியாததாக இருந்ததாம். அதே எஞ்சினின் வழியில் 1994-இல் ஸ்பிளெண்டர் வந்தது. இதற்கெல்லாம் மூத்த அக்கா ஒருத்தி ஜப்பானில் இருக்கிறாள். 1958-இல் அங்கே ஹோண்டா நிறுவனம் வெளியிட்ட சூப்பர் கப் என்ற 50 சி.சி. வண்டியே அது. உணவு விடுதிப் பையன் ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டை ஏந்திக்கொண்டு மறு கையால் ஓட்டும்படி அமைந்திருக்க வேண்டும் என்று எண்ணி, கையால் பிடிக்கும் கிளச்சே இல்லாமல் அதை வடிவமைத்தார்கள். 2017-ஆம் ஆண்டில் அவ்வகை வண்டிகளின் மொத்தத் தயாரிப்பு பத்துக் கோடியை எட்டியது. அடக்கமான வண்டிதான் அதிக வீடுகளுக்குள் நுழைகிறது!

இனி, சிறிய எஞ்சின் ஏன் சிக்கனமானது என்பதைப் பார்ப்போம். சி.சி. என்றால் கன சென்டிமீட்டர். இதைப் புரிந்துகொள்ள நமது பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடமே போதும். எங்கள் வண்டியின் சிலிண்டர் ஓர் உருளை. அதன் உள்விட்டம் 5 சென்டிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் உயரம் 4.95 சென்டிமீட்டர். ஆரம் 2.5, அதன் வர்க்கம் 6.25, அதை 22/7-ஆலும் 4.95-ஆலும் பெருக்குங்கள். ஏறத்தாழ 97.2 வரும். அளவியல் பாடத்தில் கூம்பு வடிவக் கூடாரத்துக்கு எத்தனை மீட்டர் துணி வேண்டும் என்று கணக்குப் போட்டபோது எனக்கு உண்டாகாத மகிழ்ச்சி, இந்த விடை வந்தபோது உண்டாயிற்று. ஒரு சிறிய காபி டம்ளர் கொள்ளும் அளவுதான் அது. அந்த ஒரு டம்ளர் இடத்துக்குள் நடக்கும் வெடிப்புத்தான் இரண்டு பேரைச் சுமந்து செல்கிறது.

அந்த உருளைக்குள் நான்கு வேலைகள் நடக்கின்றன. பிஸ்டன் முதல் முறை கீழே இறங்கும்போது காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை உள்ளே இழுக்கிறது. மேலே ஏறும்போது அதை அமுக்குகிறது. உச்சியில் ஸ்பார்க் பிளக் பொறி விட, கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. மறுபடி மேலே ஏறும்போது எரிந்த புகையை வெளியேற்றுகிறது. உறிஞ்சு, அமுக்கு, எரி, வெளியேற்று; இவ்வளவுதான். இரண்டு வீச்சு எஞ்சினில் இந்த நான்கையும் இரண்டே வீச்சில் முடிக்க வேண்டியிருப்பதால், புகை வெளியேறும் வழியாகப் புதிய கலவையிலும் ஒரு பகுதி எரியாமலே ஓடிப்போய்விடும். காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல் புகைக்குழாய் வழியாகத் தெருவுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டி.வி.எஸ். மொபெட்டும் 2015-இல் எக்ஸ்.எல். 100 என்ற பெயரில் நான்கு வீச்சுக்கு மாறிவிட்டது.

பெரிய எஞ்சின் உள்ள வண்டியை மெதுவாக ஓட்டினால் சிக்கனம் கிடைக்காதா என்று ஒரு தோழி கேட்டாள். கிடைக்காது. ஒருவருக்குக் காபி போட நாம் அண்டாவை அடுப்பில் ஏற்றுவதில்லையே! அண்டா சூடாவதற்கே பாதி விறகு போய்விடும். பெரிய எஞ்சினிலும் அப்படித்தான். அதன் கனத்த உறுப்புகளைச் சுழற்றவும், உராய்வை வெல்லவும், முக்கால் மூடிய வழியாகக் காற்றை இழுக்கவுமே கணிசமான பெட்ரோல் செலவாகிறது. நாளும் வேலைக்குப் போய் வர மணிக்கு நாற்பது, நாற்பத்தைந்து கிலோமீட்டர் வேகம் போதும். அந்த வேகத்துக்குத் தேவையான சக்தியை நூறு சி.சி. எஞ்சின் தன் முழு ஈடுபாட்டோடு தருகிறது.

ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதில் ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள். கடைக்காரர் ஒன்று சொல்வார். எதிர்வீட்டு மாமா அதைவிட அதிகமாகச் சொல்வார். உண்மையை அறிய ஒரே வழிதான் உண்டு. டாங்கை நிறைய நிரப்பி மீட்டரில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். வழக்கம்போல் ஓட்டிவிட்டு, மறுபடி அதே அளவு நிரப்பி, எத்தனை லிட்டர் பிடித்தது என்றும் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்றும் பார்த்து வகுக்க வேண்டும். 372 கிலோமீட்டர் ஓடி 6.2 லிட்டர் பிடித்தால் லிட்டருக்கு 60. எங்கள் நோட்டில் இந்த எண் 58-க்கும் 62-க்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது.

ஒரு மாதம் திடீரென்று 51 என்று வந்தது. கூட்டல் கழித்தலைத் திரும்பப் பார்த்தேன், சரியாகவே இருந்தது. அப்படியானால் வண்டியில்தான் ஏதோ கோளாறு. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றினால் அது தடையின்றிப் பலமுறை சுழல வேண்டும். எங்கள் வண்டியிலோ அரைச் சுற்றில் நின்றுவிட்டது. அதற்கு முந்தைய வாரம் பிரேக் பிடிக்கவில்லை என்று ஒரு பட்டறையில் கொடுத்திருந்தோம். அங்கே அளவுக்கு மேல் இறுக்கி அனுப்பிவிட்டார்கள்! காலை எடுத்த பிறகும் பிரேக் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. திருகைச் சற்றே தளர்த்தியதும் அடுத்த கணக்கில் 59 வந்தது. நோட்டு இல்லாவிட்டால் இது தெரிந்தேயிருக்காது. ஒரு மாதத்தில் இரண்டு லிட்டருக்கு மேல் வீணாகியிருக்கும்.

பெட்ரோலைக் குடிப்பவை பெரும்பாலும் இப்படிப்பட்ட சின்னஞ்சிறு காரியங்களே. டயரில் காற்றுக் குறைந்தால் ரப்பர் தரையில் அதிகம் பதிந்து உருளும். காலில்லாத கட்டிலை இழுப்பதுபோல் எஞ்சின் இழுக்க வேண்டியிருக்கும். வாரம் ஒருமுறை காற்றுப் பார்க்க வேண்டும். ஒருவர் போவதற்கு எவ்வளவு, இருவர் போவதற்கு எவ்வளவு என்று ஒவ்வொரு வண்டிக்கும் கையேட்டில் தனித்தனியாகக் கொடுத்திருப்பார்கள். காற்று வடிகட்டியில் தூசி அடைத்தால் கார்புரேட்டர் வண்டிகளில் காற்றுக் குறைந்து பெட்ரோல் மிகுந்துவிடும். எங்கள் திண்டுக்கல் பக்கத்துச் செம்மண் புழுதியை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. செயின் மிகத் தொய்ந்தாலும் கெடுதி, மிக இறுகினாலும் கெடுதி. கீழ்ச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் தள்ளினால் இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர் வரை அசைய வேண்டும். மூடிய செயின் கவர் உள்ள வண்டியில் இதைப் பார்ப்பதற்கென்றே ஒரு ரப்பர் மூடி உண்டு. எஞ்சின் ஆயிலை உரிய காலத்தில் மாற்றுவது பற்றி நான் நீட்டி எழுதப் போவதில்லை. அதை மாற்றாமல் ஓட்டுபவர் வண்டியைச் சிறிது சிறிதாக விற்றுக்கொண்டிருக்கிறார்.

ஓட்டும் விதமும் முக்கியம். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 40 கிலோமீட்டரில் போகிறவர் 60-இல் போனால் வேகம் ஒன்றரை மடங்குதான். காற்றின் தடையோ இரண்டேகால் மடங்கு. 17 கிலோமீட்டர் தூரத்துக்கு 40-இல் போனால் இருபத்தைந்தரை நிமிடம். 60-இல் போனால் பதினேழு நிமிடம். இது காகிதக் கணக்குத்தான். ஊருக்குள் வேகத்தடைகளும் மாடுகளும் சந்தைக் கூட்டமும் அந்த எட்டரை நிமிடத்தில் பெரும்பகுதியைப் பிடுங்கிக்கொள்ளும். சிக்னலில் அரை நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டியிருந்தால் எஞ்சினை அணைத்துவிடலாம். கிளச்சைப் பாதி பிடித்தபடியே ஓட்டும் பழக்கம் பலரிடம் உண்டு. அது பெட்ரோலையும் தின்னும், கிளச் தட்டுகளையும் தின்னும்.

இப்போது எங்கள் வீட்டு வண்டிக்கு வருகிறேன். என் தந்தை அதை 2016-இல் வாங்கினார். பிறகு அவருக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை கிடைத்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். வண்டி திண்ணையோரம் பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்றது. அம்மா 17 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். காலைப் பணி என்றால் பிரச்சினை இல்லை. 2021-இல் தொடங்கிய திட்டப்படி சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமும் கிடையாது. மாலைப் பணிதான் தொல்லை. பணி இரவு எட்டு மணிக்கு முடியும்; கடைசிப் பேருந்து ஏழு இருபதுக்கே போய்விடும். அந்த வாரங்களில் அம்மா இரவு அங்கேயே தங்கிவிட்டு மறுநாள் காலைதான் வருவார். என் தம்பிக்கு அப்போது ஆறு வயது. அம்மா வராத இரவுகளில் அவன் சாப்பிட மாட்டான். வேலையை விட்டுவிடலாமா என்றுகூட வீட்டில் பேச்சு வந்தது.

"வண்டிய வித்துப்போட்டு ரெண்டு பவுனாச்சும் எடுத்து வைங்கத்தா" என்றார் அப்பத்தா. பழைய நூறு சி.சி. வண்டி விற்கும் விலையில் இரண்டு பவுன் எங்கே வரும்! அது வேறு கதை. அம்மா விற்கவில்லை. தாமே ஓட்டுவது என்று முடிவு செய்தார்.

கியர் வண்டி பெண்களுக்குச் சரிவராது, ஸ்கூட்டர்தான் ஏற்றது என்று பலரும் சொன்னார்கள். இதைச் சற்று ஆராய்ந்து பார்த்தேன். ஸ்பிளெண்டர் போன்ற வண்டியின் எடை 112 கிலோ அளவில்தான் இருக்கிறது. 110 சி.சி. ஸ்கூட்டரும் ஏறக்குறைய அதே எடைதான். சில கிலோ குறையலாம். ஸ்கூட்டரில் கால் வைக்க இடம் உண்டு, சேலை கட்டிக்கொண்டும் ஓட்டலாம், இருக்கைக்கடியில் பை வைக்கலாம். இவை பெரிய வசதிகளே, நான் மறுக்கவில்லை. ஆனால் அதன் ரப்பர் பெல்ட் அமைப்பில் சக்தி சிறிது வீணாவதால் லிட்டருக்குக் கிடைக்கும் தூரம் குறைவு. சக்கரமும் சிறியது. மோட்டார் சைக்கிளின் 18 அங்குலச் சக்கரம் பள்ளத்தைத் தாண்டிப் போகும் இடத்தில் ஸ்கூட்டரின் சிறு சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கி ஏறும். அம்மா போகும் சாலையில் கடைசி 4 கிலோமீட்டர் பள்ளங்களை எண்ண ஒரு நாள் போதாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டி வீட்டிலேயே இருந்தது. புதிய ஸ்கூட்டருக்குக் கடன் வாங்க வேண்டும். மின்சார ஸ்கூட்டருக்கும் அதே நிலைதான். நாளொன்றுக்கு 34 கிலோமீட்டர் ஓடுபவருக்கு அது மிகப் பொருத்தம் என்றே நினைக்கிறேன். ஆனால் இருக்கிற வண்டியை விட்டுவிட்டுப் புதிதாக வாங்குவது சிக்கனத்தில் சேராது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்ப் பொட்டலில் பயிற்சி நடந்தது. அப்பா பின்னால் ஓடி வருவார். முதல் நாள் எஞ்சின் பதினொரு முறை அணைந்தது. என் தம்பி விரல் விட்டு எண்ணினான். பத்து விரல் தீர்ந்ததும் கால் விரலுக்குப் போனான். எஞ்சின் ஏன் அணைகிறது என்பதை அப்பா இரண்டு சாப்பாட்டுத் தட்டுகளை வைத்து விளக்கினார். சுழலும் தட்டின் மேல் சுழலாத தட்டைச் சட்டென்று வைத்து அழுத்தினால் இரண்டும் நின்றுவிடும். மெல்ல மெல்ல உரசவிட்டால் கீழ்த்தட்டு மேல்தட்டையும் கூட்டிக்கொண்டு சுற்றத் தொடங்கும். கிளச்சும் அதுவே. எஞ்சின் பக்கத்துத் தட்டுகள் சுழன்றுகொண்டிருக்கின்றன; சக்கரத்தின் பக்கத்துத் தட்டுகள் நின்றுகொண்டிருக்கின்றன. இடது கையை மெதுவாக விட்டால் இரண்டும் ஒட்டி வண்டி நகரும். சட்டென்று விட்டால் நிற்கும் சக்கரம் எஞ்சினையும் நிறுத்திவிடும். இது புரிந்த பிறகு அம்மாவுக்கு வண்டி அணைவது குறைந்தது. கியர் போடுவது அதைவிட எளிது. எங்கள் வண்டியில் முன்காலால் அழுத்தினால் கியர் ஏறும், குதிகாலால் அழுத்தினால் இறங்கும்.

பழகுநர் உரிமம் வாங்கி, முப்பது நாள் கழித்து அம்மா 'எட்டு' போடப் போனார். தரையில் காலை ஊன்றாமல் எட்டு வடிவத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும். முதல் கியரில், பின் பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டு, தரையைப் பார்க்காமல் அடுத்த வளைவைப் பார்த்தால் எட்டு தானே வரும் என்பது அப்பாவின் பாடம். அம்மா ஒரே முறையில் போட்டுவிட்டார். வரிசையில் அவருக்கு முன்னால் நின்ற இரண்டு இளைஞர்கள் காலை ஊன்றினார்கள் என்பதை மட்டும் இங்கே குறிப்பிட விரும்புகிறேன்.

கணக்குக்கு வருவோம். ஒரு நாளைக்கு 34 கிலோமீட்டர். மாதம் 24 நாள். மொத்தம் 816 கிலோமீட்டர். லிட்டருக்கு 60 என்றால் 13.6 லிட்டர். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1,360 ரூபாய். ஆயிலுக்கும் சர்வீசுக்கும் மாதம் 200 ஒதுக்குகிறோம். டயர், செயின், பிரேக் ஷூ ஆகியவற்றுக்கு 150. மூன்றாம் நபர் காப்பீடு இந்த அளவு வண்டிக்கு 2022 ஜூனில் ஆண்டுக்கு 714 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. வரியையும் சேர்த்தால் மாதத்துக்கு 70 ரூபாய் ஆகும். ஆக மொத்தம் 1,780 ரூபாய்.

பேருந்தோ அம்மாவுக்கு இலவசம். அப்படியானால் சிக்கனமான வண்டி என்று எப்படிச் சொல்வது? இங்கேதான் பலரும் கணக்கைத் தவறாகப் போடுகிறார்கள். வண்டி பேருந்தைவிட மலிவு என்று சொல்வது பொய். இலவசத்தைவிட மலிவான பொருள் உலகில் இல்லை. வண்டி தருவது வேறு ஒன்று. பேருந்தில் காத்திருப்பு, நடை எல்லாம் சேர்த்து ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம்; வண்டியில் 35 நிமிடம். இரு வழிக்கும் சேர்த்து 110 நிமிடம் மிச்சம். 24 நாளுக்கு 44 மணி நேரம். 1,780-ஐ 44-ஆல் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 40 ரூபாய். அம்மாவின் ஒரு மணி நேரத்தை நாங்கள் 40 ரூபாய்க்கு வாங்குகிறோம். மாலைப் பணி வாரத்தில் இரவு எட்டே முக்காலுக்குத் தெருமுனையில் அந்த வண்டியின் சத்தம் கேட்கும்போது, தம்பி தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாததால் நோட்டில் எழுதவில்லை.

காலைப் பணி வாரத்தில் அம்மா சில நாள் பேருந்திலேயே போவதும் உண்டு. மழைநாளில் பேருந்துதான். சிறிய வண்டிக்கு வெயிலையும் மழையையும் தடுக்கும் சக்தி கிடையாது. பிடிவாதமாக எல்லா நாளும் வண்டியிலேயே போக வேண்டும் என்று ஒன்றும் இல்லை.

சிக்கனம் பார்க்கக் கூடாத இடங்களும் உண்டு. இந்தியாவில் 2022-ஆம் ஆண்டு சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்பது அரசின் கணக்கு. அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வாகனத்தில் சென்றவர்கள். ஓட்டுபவரும் பின்னால் அமர்பவரும் தலைக்கவசம் அணிவதை உறுதி செய்ய வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டதால், 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் அது கண்டிப்பாக்கப்பட்டது. ஆனாலும் பின்னால் அமரும் பெண்கள் பலர் வெறுந்தலையோடு, ஒருபக்கமாக உட்கார்ந்து போவதை இன்றும் காண்கிறோம். சாலையோரத்தில் குவித்து விற்கும் தொப்பி போன்ற கவசம் காவலரைத் திருப்திப்படுத்தலாம், தார்ச்சாலையைத் திருப்திப்படுத்தாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் 4151 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். தாடைப் பட்டையை மாட்டாமல் அணிந்தால் அது தலையில் இருந்தும் இல்லாதது போலத்தான். எங்கள் வீட்டில் இரண்டு கவசங்கள் உள்ளன. இரண்டாவதற்குக் கொடுத்த பணம் ஒரு மாதப் பெட்ரோல் பணத்துக்குச் சமம். அதற்காக ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அப்பத்தா மட்டும், அதைப் போட்டால் கொண்டை நசுங்குகிறது என்றார்.

தோழியர் கவனிக்க வேண்டிய இன்னொன்று தாவணியும் துப்பட்டாவும் சேலைத் தலைப்பும். பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் காப்புக் கம்பி, பின்னால் அமர்பவர் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, கால் வைக்கும் இடம் ஆகிய மூன்றும் மோட்டார் வாகன விதிகளின்படி இருந்தே ஆக வேண்டும். சிலர் அழகுக்காகக் காப்புக் கம்பியைக் கழற்றிவிடுகிறார்கள். சுழலும் சக்கரம் துணியைப் பற்றினால் கழுத்தைச் சுற்றியிருக்கும் துணி ஒரு நொடியில் இறுகும். ஏறுவதற்கு முன் துப்பட்டாவை முன்பக்கம் கொண்டுவந்து முடிச்சுப் போட ஐந்து விநாடி போதும்.

நம்மில் சிலருக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்று எனக்குத் தெரியும். யார் யார் என்று எழுத மாட்டேன்! ஆனால் சட்டம் தெளிவாக இருக்கிறது. கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கு 18 வயது நிரம்ப வேண்டும். 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு மட்டும் 16. 2019-இல் செய்த திருத்தத்தின்படி, வயது நிரம்பாதவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு. வண்டியின் பதிவும் ஓராண்டுக்கு ரத்தாகும். அம்மாவின் வண்டி ஓராண்டு ஓடாவிட்டால் எங்கள் வீடு என்னவாகும் என்று நான் எண்ணிப் பார்த்ததுண்டு. ஆகையால் எனக்கு இப்போதைக்கு நோட்டு எழுதும் வேலையும், காற்றுப் பார்க்கும் வேலையும், சனிக்கிழமை துடைக்கும் வேலையும் மட்டுமே.

புதிதாக வாங்க எண்ணும் வீட்டாருக்கு ஓரிரு செய்திகள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையுள்ள இரு சக்கர வாகனங்களுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் மாசுக் கட்டுப்பாட்டு விதி காரணமாகக் கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலை அளந்து தெளிக்கும் மின்னணுக் கருவி பெரும்பாலும் வந்துவிட்டது. புகை குறைவு, குளிர்காலக் காலையில் சோக் இழுக்கும் தொல்லையும் இல்லை. ஆனால் எங்கள் வண்டியைத் திறந்து பார்ப்பதுபோல் அதைத் தெருவோரப் பட்டறையில் திறந்து பார்க்க முடியாது. பழைய வண்டி வாங்குவதானால் விலை பேசுவதற்கு முன் பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். குளிர்ந்திருக்கும் நிலையில் ஒரே உதையில் கிளம்புகிறதா, வெள்ளைப் புகையோ நீலப் புகையோ வருகிறதா என்று பார்க்க வேண்டும். பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடக் கூடாது. பெயர் மாற்றாத வண்டி விபத்துக்குள்ளானால் விற்றவரும் வழக்கில் இழுபடுவார்.

மோட்டார் சைக்கிளின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் வண்டியைக் காட்டி, தகுதியாக இருந்தால் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். எங்கள் வண்டிக்கு அந்தக் காலம் 2031-இல் வருகிறது. அதுவரை இது நன்றாக ஓடும் என்பது அப்பாவின் கருத்து. அப்போது எனக்கும் பதினெட்டு வயது கடந்திருக்கும். சாவியை அம்மா தருவாரா என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு